பெருவிரல் அடிமட்டம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிள் பராமரிப்பு பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த குறிப்புகளில், செயினைப் பெருவிரலால் அழுத்தி 'அளவான தொய்வு' இருக்கிறதா என்று பார்க்கும்படி ஒரு வரி இருந்தது. (நீங்கள் உந்துருளி என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பக்கம் அந்தச் சொல்லைப் பத்திரிகையில் வாசித்ததோடு சரி, யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை.) அளவான தொய்வு என்றால் எவ்வளவு? என் விரலுக்கு அளவாகத் தெரிவது பக்கத்து வளவுக்காரருக்கு லூஸாகத் தெரிகிறது. விரலை நம்பி நான் பட்டது போதும்.

காலபோக அறுவடை நேரம் செயின் சத்தம் போடுகிறது என்று வண்டியை ஒரு கராஜில் விட்டேன். அங்கிருந்த தம்பி விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, இழுத்து இறுக்கித் தந்தார். சத்தம் நின்றது, எனக்கும் சந்தோஷம். அடுத்த நாள் ஒரு நெல் மூடையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, வயற்பக்கக் கிறவல் ரோட்டால் வந்து ஏ35 பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் ஏறித் தர்மபுரம் பக்கம் போனால், குழிக்குக் குழி கீழேயிருந்து ஒரு முனகல். இரண்டு கிழமையில், செயின் மாட்டி ஓடும் முன் பற்சில்லுப் பக்கம் ஒயில் கசிந்தது. திறந்து பார்த்த வேறொரு மெக்கானிக், பெயாரிங்கும் சீலும் போய்விட்டன என்றார்.

காரணத்தையும் அவர்தான் காட்டினார். பின்சில்லைத் தாங்கும் கை ஆடுகிற இடமும் முன் பற்சில்லின் நடுவும் ஒன்றல்ல, கை ஆடுகிற இடம் கொஞ்சம் பின்னுக்கு இருக்கிறது. அதனால் பாரம் ஏறி ஷொக் அமுங்கும்போது முன் பற்சில்லுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் கூடும், முன் பற்சில்லு, கை ஆடும் இடம், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் அது மிகக் கூடுதல். வெறும் வண்டியில் விறைப்பாக இறுக்கிய செயினுக்கு அந்த நேரம் கொடுக்க மிச்சம் எதுவும் இருக்காது, பெயாரிங்கைத்தான் இழுக்கும். மூடையும் ஏற்றி, வீட்டுக்காரியையும் பிள்ளையையும் ஏற்றி, குழியிலும் விடுகிற எங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. லூஸாக விட்டால் செயின் கழன்று பின்சில்லு இறுகிவிடும், அது இன்னும் பொல்லாதது.

சரி, இதற்கென்று நான் செய்த அளவுகோலுக்கு வருகிறேன். வெறும் அடிமட்டத்தால் அளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கை செயினைத் தள்ள, மறு கை அடிமட்டத்தைப் பிடிக்க, கண்ணை மேலும் கீழும் கொண்டுபோவதற்குள் எந்தக் கோட்டில் பார்த்தோம் என்பதே மறந்துபோகும். எனவே பழப்பெட்டிப் பலகையில் ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு சலாகை கிழித்து, பக்கங்களைச் சீவி, அடிப்பக்கத்தை நேராக அறுத்தேன். பழைய சைக்கிள் ரியூப்பில் இரண்டு வளையங்கள் வெட்டிச் சலாகையில் போட்டேன். தள்ளினால் நகர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அதன் நுட்பம்.

வண்டியை டபிள் ஸ்ராண்டில், நியூட்ரலில், எஞ்சினை நிறுத்திவிட்டு, சீமெந்துத் தரையில் வையுங்கள். மணல் முற்றம் வேண்டாம், சலாகை புதையும். இரண்டு பற்சில்லுகளுக்கும் நடுவே, கீழ்ப்பக்கச் செயினுக்கு அருகில் சலாகையைச் செங்குத்தாக நிறுத்தி, செயினை மெதுவாகக் கீழே அழுத்தி அதன் கீழ் விளிம்புக்கு ஒரு வளையத்தைக் கொண்டுவாருங்கள். பிறகு மேலே தள்ளி, மீண்டும் அதே கீழ் விளிம்புக்கு மற்ற வளையம். சலாகையை எடுத்துவிட்டு இரண்டு வளையங்களின் மேல் ஓரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை ஆறுதலாக அளக்கலாம். அதே விளிம்பு என்பதை மறக்கவேண்டாம். முதல் தடவை நான் கீழே அழுத்தியபோது கீழ் விளிம்பையும் மேலே தள்ளியபோது மேல் விளிம்பையும் பிடித்து, செயினின் உயரத்தையும் சேர்த்து அளந்து, 12 மி.மீ. கூடுதலாகக் கண்டு, செயின் தொங்குகிறது என்று நினைத்து இன்னும் இறுக்கப் போனேன்!

எவ்வளவு இருக்கவேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டிலோ செயின் மூடியில் ஒட்டியிருக்கும் தாளிலோ இருக்கும். 100, 125 சிசி வண்டிகள் பலவற்றுக்கு 20 முதல் 30 மி.மீ. வரை, சிலவற்றுக்கு 25 முதல் 35 வரை. ஓரிடத்தில் அளந்து விட்டுவிடக் கூடாது. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீள்வதில்லை, ஆகவே சில்லைக் கையால் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, மிக இறுக்கமான இடத்தை வெண்கட்டியால் குறித்து, அந்த இடத்துக்குத்தான் சரிப்படுத்த வேண்டும். கையால் சுற்றி என்பதை அழுத்திச் சொல்கிறேன், எஞ்சினை ஓடவிட்டுச் செயினுக்குப் பக்கத்தில் கைவைக்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது, விரல் போனால் போனதுதான். இறுக்கும்போது பின் அச்சின் இரண்டு பக்கமும் உள்ள அடையாளக் கோடுகள் சமமாக இருக்கவேண்டும், அச்சு நட்டை முறுக்கிய பிறகு திரும்ப ஒரு தடவை அளக்கவேண்டும், ஏனென்றால் அந்த முறுக்கிலேயே கொஞ்சம் மாறிவிடும்.

அப்புறம், செயின் தேய்ந்து நீண்டுவிட்டதா என்று பார்க்க, சலாகையின் பின்பக்கத்தில் 10 அங்குலத்துக்கு இரண்டு கோடுகள் கீறி வைத்திருக்கிறேன். 428 என்று எண் அடித்த செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம், 20 கண்ணிக்குப் புதிதில் 254 மி.மீ. செயினை விறைப்பாகப் பிடித்து அளந்து அது 259 காட்டினால் இனி இறுக்குவதில் பயனில்லை, பற்சில்லுகளோடு மாற்றவேண்டியதுதான். 2020 இல் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரை புது வண்டி வராமல் இருந்ததில் இங்கே ஓடுகிறவை பெரும்பாலும் கிழட்டு வண்டிகள், யுத்தகாலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வன்னிக்கு அது புதிதில்லைதான், ஆனாலும் செயின் அதைப் பார்த்து இரக்கப்படாது.

ஒரு குறை உண்டு. செயினை முழுதாக மூடிய வண்டிகளில் சிறு றப்பர் மூடி போட்ட ஓட்டை ஒன்றுதான் இருக்கும், என் சலாகை அங்கே எட்டாது, கீழ் மூடியைக் கழற்றித்தான் அளக்கவேண்டும். கழற்றாமல் அளக்க வழி கண்ட வாசகர்கள் இருந்தால் இந்தப் பகுதிக்கு எழுதட்டும், அடுத்த சலாகையை அப்படிச் செய்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
விசுவமடு வாசகன்