பெட்டி வேறு, பகடை வேறு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அம்மா நடுவில் புகுந்து, பேத்திக்குச் சளி விட்டதா, கஷாயம் கொடுத்தாயா என்று ஆரம்பித்தாள். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பல வருடம் கழித்து மறுபடி ஹீரோக்ளிக்ஸ் ஆடப் போயிருக்கிறாய், காமிக்ஸ் ஹீரோ பொம்மைகளை வைத்து இரண்டு பகடை உருட்டிச் சண்டை போடுகிற அந்த ஆட்டம். கடைசி ஆட்டத்தில் ஏழு விழுந்தால் போதும் என்ற நிலையில் மூன்று சுற்றில் மூன்று அடியும் தப்பிவிட்டது. நாலாவதில் இரட்டை ஒன்று விழுந்து அடித்த உன் ஆளுக்கே ஒரு க்ளிக் அடி, அதாவது பொம்மையின் அடிப்பாகத்தை ஒரு படி திருகுகிற அளவு சேதம். "எல்லாம் அதிர்ஷ்டம்தான்ப்பா. அன்னைக்கு நீங்க லாட்டரின்னு திட்டினது சரிதான்" என்றாய். நீங்கள் சொன்னது சரி என்று மகன் வாயால் கேட்க எந்த அப்பனுக்குத்தான் கசக்கும்? எனக்கும் இனித்தது. படுக்கப் போனபிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. அன்று நான் சொன்னதில் பாதிதான் சரி. நீ பிடித்துக்கொண்டிருப்பது தப்பான பாதியை.

2002-இல் அமெரிக்காவில் எடிசன் ஊருக்கு வந்த புதிதில் உனக்குப் பத்து வயது. அந்த வருடம்தான் விஸ்கிட்ஸ் கம்பெனி இந்த ஆட்டத்தை வெளியிட்டது. ஒரு பெட்டிக்குள் நான்கு பொம்மை. எந்த நான்கு என்று பிரித்தால்தான் தெரியும். உனக்கு வேண்டியது வால்வரின். முதல் பெட்டியில் அவன் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதை எடுத்துக்கொண்டு நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "இது விளையாட்டு இல்லை, லாட்டரி" என்று கத்தினேன். காரில் வீடு வரும்வரை நீ பேசவே இல்லை.

அந்தக் கோபம் உன்மேல் இல்லை, உன் தாத்தாமேல். அவர் சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டைவிட லாட்டரிச் சீட்டுதான் அதிகம் இருக்கும். 1968-இல் அரசாங்கமே லாட்டரி தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று அப்போது சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு விழவே இல்லை. நாட்டுக்குத் தாராளமாகக் கொடுத்தோம். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தபோது அத்தை எனக்குப் போன் செய்து அழுதாள். சந்தோஷத்தில் அழுதாளா, முப்பது வருடம் தாமதம் என்று அழுதாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இதெல்லாம் தெரியாத பத்து வயதுப் பிள்ளை ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாய், அவ்வளவுதான்.

பெட்டியைப் பற்றி இன்றும் என் எண்ணம் மாறவில்லை. பிரிக்காத பெட்டிக்குக் காசு கொடுப்பது சீட்டு வாங்குவதுதான். அதில் எந்தத் திறமையும் கிடையாது. காசு உள்ளவன் கூடுதலாகப் பிரிப்பான், கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் வேண்டிய பொம்மையை மட்டும் தனியாக விலைக்கு வாங்கலாமே. இன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நீயே சொன்னாய். ஆக, அந்த அதிர்ஷ்டம் வேண்டாதவன் ஒதுங்கிக்கொள்ள வழி இருக்கிறது. பகடை அப்படி இல்லை. அதிலிருந்து யாரும் தப்ப முடியாது. அதனால்தான் அங்கே திறமைக்கு வேலை வருகிறது.

ஒன்றை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அந்தச் சண்டைக்கு இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை உன்னைக் கடையில் விட்டுவிட்டு, காரில் இருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? காரில் இல்லை. அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எல்லோரும் அங்கேயே பெட்டி பிரித்து, வந்ததை வைத்து ஆட வேண்டும் என்று விதி. தாடி வைத்த ஒருவருக்கு வெள்ளி வளையம் போட்ட அபூர்வமான பொம்மை விழுந்தது. சுற்றி நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். எதிரே உட்கார்ந்த பையனுக்கு உன்னைவிட ஒரு வயது கூட இருக்கலாம். அவனிடம் இருந்ததெல்லாம் மஞ்சள் வளையம், கற்றுக்குட்டிப் பொம்மைகள். அவன் அவசரப்படவே இல்லை. புதர் வரைந்த கட்டங்களுக்குள்ளேயே ஆட்களை நிறுத்தினான். புதரில் நிற்பவனைத் தூரத்திலிருந்து சுட்டால் தற்காப்பு எண் ஒன்று கூடும். தாடிக்காரர் ஏழு போட வேண்டிய இடத்தில் எட்டு போட வேண்டிவந்தது. தப்பத் தப்ப அவருக்குக் கோபம். ஒரே ஆளை அடுத்தடுத்த சுற்றில் ஏவினார். அப்படி விரட்டினால் அந்த ஆளுக்கே ஒரு க்ளிக் தேயும். வெள்ளிப் பொம்மை பாதி தன் சொந்தக்காரராலேயே தேய்ந்தது. பையன் ஜெயித்தான்.

வீட்டுக்கு வந்ததும் உன்னிடம், "நான் சொன்னது தப்பு, இதில் மூளைக்கு வேலை இருக்கிறது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு பெட்டி கேட்பாய் என்று பயம்.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பாய். இரண்டு பகடைக்கு 36 விதம். ஏழோ அதற்கு மேலோ விழ 21 விதம், அதாவது நூற்றுக்கு 58. எட்டு வேண்டுமென்றால் 15 விதம்தான், நூற்றுக்கு 42. ஒரே ஒரு எண்தான், ஆனால் அந்தப் படிதான் உள்ளதிலேயே உயரமான படி. பதினொன்றைப் பத்தாக்கினால் மூன்று விதம்தான் கூடும். எட்டை ஏழாக்கினால் ஆறு கூடும். பெர்ப்ளெக்ஸ், அதாவது ஒரு எண்ணை ஒன்று மாற்றுகிற சக்தி, இருக்கிறவன் தன் ஒற்றை எண்ணை எங்கே செலவழிக்கிறான் என்று பார்த்தாலே அவனுக்கு ஆடத் தெரியுமா தெரியாதா என்று சொல்லிவிடலாம். முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு நிரல் எழுதினவன் நான். இந்தக் கணக்கு அன்றே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். உன் தாத்தாவின் சட்டைப் பை மறைத்துவிட்டது.

இப்போது உன் ஆட்டத்துக்கு வருகிறேன். நீ சொன்னதை வைத்து டைரியில் கட்டம் போட்டுப் பார்த்தேன். ஏழு வேண்டிய அடி மூன்றும் தப்புவது நூற்றுக்கு ஏழு தடவை நடக்கும். அதாவது பதினாலில் ஒன்று. அபூர்வமே இல்லை. இருபது முறை உருட்டுகிற ஆட்டத்தில் இரட்டை ஒன்று ஒருதரமாவது எட்டிப் பார்க்க நூற்றுக்கு 43 வாய்ப்பு. அதுவும் அபூர்வம் இல்லை. ஆனால் உன் அணியில் ஸ்கார்லெட் விட்ச் இருந்தாளே! அவள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் நடந்திருந்தால் சுற்றுக்கு ஒருமுறை மறுபடி உருட்டியிருக்கலாம். ஏழு விழும் வாய்ப்பு 58-லிருந்து 83-க்கு ஏறியிருக்கும். மூன்று அடியும் தப்புவது பதினாலில் ஒன்று என்பது போய் ஏறக்குறைய 190-இல் ஒன்று ஆகியிருக்கும். அவளை எங்கே நிறுத்தினாய்? "பத்திரமா இருக்கட்டும்னு கட்டடத்துக்குப் பின்னாடி வெச்சேன்ப்பா" என்றாய். கட்டடத்துக்குப் பின்னால் நின்றவளுக்கு என்னடா தெரியும்? பகடை கையை விட்டு விழுவதற்கு மூன்று சுற்று முன்னாலேயே அந்தத் தப்பு நடந்துவிட்டது.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் தோற்கிற நாள் உண்டு. அந்த 190-இல் ஒன்று யாராவது ஒருவனுக்கு வந்தே தீரும். அன்றைக்குப் போய் எங்கே பிசகினோம் என்று தோண்டிக்கொண்டு ராத்திரி தூங்காமல் கிடக்காதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, வேலை விஷயத்திலும் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அந்த ரகம் இல்லை என்பதுதான் என் வாதம்.

பரணில் உன் பழைய ஷூ பெட்டி இருந்தது. ஊர் திரும்பும்போது அம்மா எறிய விடவில்லை. மஞ்சள் வளைய ஸ்பைடர்மேன் ஒருவன், கை லேசாக வளைந்திருக்கிறது, ஆனால் அடிப்பாகத்தைத் திருகினால் இன்னும் டக் டக் என்று சுழல்கிறது. கூடவே இரண்டு பகடை. கணக்கை அம்மாவுக்கு நிரூபித்துக் காட்டுகிறேன் என்று நேற்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து 72 தடவை உருட்டினேன். அவள் கோடு போட்டாள். இரட்டை ஒன்று இரண்டு தடவை வர வேண்டும். ஐந்து தடவை வந்தது. "முதல்ல பகடைக்கு உங்க கணக்கைச் சொல்லிக்குடுங்க" என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போய்விட்டாள்.

ஜூன் மாதம் வரும்போது ஸ்பைடர்மேனைக் கொண்டுவருகிறேன். மூன்றாவது பெட்டிக்குப் பதிலாக அந்த வால்வரினைத் தனியாகத் தேடி வாங்கி வை, காசு நான் தருகிறேன். விதிகளை நிதானமாகச் சொல்லிக்கொடு. எனக்கு முன்போல் சட்டென்று பிடிபடுவதில்லை. பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம், பகடையை வாயில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
அப்பா
ஸ்ரீரங்கம்