'வாம்பயர் ஹன்டர் டி: பிளட்லஸ்ட்' படத்தை ஒதுக்கிய தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் திரைப்படச் சங்கத்தின் தேர்வுக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) வரிசைக்கு நான் சொன்ன படத்தை நீங்கள் ஒதுக்கிவிட்டீர்கள். கோபமில்லை, வருத்தம்தான். மூன்று காரணம் சொன்னீர்கள். கிடைக்கும் பிரதி அசல் இல்லை, ஆங்கிலம் பேசுகிறார்கள், இயக்குநர் கவாஜிரி என்றாலே வக்கிரம், கதையில் சரக்கில்லை. முதலாவது தவறு, இரண்டாவது பாதி சரி. மூன்றாவதைப் பற்றித்தான் உங்களோடு உட்கார்ந்து பேச ஆசை. முடிவு வரை சொல்லப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆங்கில விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2000-ல் தயாரான இந்தப் படம் அமெரிக்கச் சந்தையையும் மனதில் வைத்து எடுக்கப்பட்டது. முதலில் பதிவானதே ஆங்கிலக் குரல்கள்தான். 2001-ல் ஜப்பான் திரையரங்குகளில்கூட ஆங்கிலத்தில் பேசவிட்டு, கீழே ஜப்பானிய வசனம் போட்டார்கள். ஜப்பானியக் குரல் அப்புறம் வந்தது. இது தெரியாமல் நானும் ஒரு காலத்தில் 'அசல்' ஜப்பானியப் பிரதியைத் தேடி அலைந்து, கிடைத்ததும் பெருமையடித்துக்கொண்டவன்தான். ஆனால் ஒன்று, அந்த ஆங்கில வசனம் பல இடங்களில் மேடை நாடகம் போல விறைத்துக்கொண்டு நிற்கும். அதற்காகத் திட்டினால் நானும் சேர்ந்துகொள்வேன்.

அடுத்தது கவாஜிரி. யோஷியாக்கி கவாஜிரியின் 'விக்கட் சிட்டி' (1987), 'நிஞ்சா ஸ்க்ரோல்' (1993) இரண்டிலும் பெண்கள் மீதான பாலியல் வன்முறையைக் கேமரா ரசித்துப் பார்க்கிறது. அந்தக் காட்சிகளுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன், மறுபடி பார்க்கவும் மாட்டேன். ஆனால் அதே ஆள், அதே மேட்ஹவுஸ் ஸ்டூடியோவில், இந்தப் படத்தில் அந்தப் பழக்கத்தை விட்டிருக்கிறார். இரத்தம் இருக்கிறது, உடல்கள் துண்டாகின்றன, அமெரிக்காவில் வயதுக் கட்டுப்பாடுள்ள 'ஆர்' சான்றிதழ்தான் கொடுத்தார்கள். சிறுவர்களை அழைத்து வரவேண்டாம் என்று ஒரு வரி போட்டால் போதும். பேரை மட்டும் பார்த்துப் படத்தை ஒதுக்குவது நியாயமில்லை.

சரி, கதை. ஷார்லட் என்ற பெண்ணை மெயர் லிங்க் என்ற இரத்தக்காட்டேரிப் பிரபு தூக்கிக்கொண்டு போகிறான். மீட்டு வர, காட்டேரியாக மாறியிருந்தால் கொன்றுவிட, அவள் வீட்டார் பணம் பேசுகிறார்கள். ஒரு பக்கம் டி. காட்டேரித் தகப்பனுக்கும் மனிதத் தாய்க்கும் பிறந்தவன், இடது கையில் ஓயாமல் வாயாடும் ஒரு முகம். இன்னொரு பக்கம் கூலிக்கு வேட்டையாடும் மார்கஸ் சகோதரர்கள், அவர்களோடு லெய்லா என்ற வேட்டைக்காரி. துரத்தல்தான் கதை. போகப்போக ஒன்று தெரிகிறது: அந்தப் பெண்ணை யாரும் தூக்கிப் போகவில்லை, விரும்பித்தான் போயிருக்கிறாள். அவளைக் கடிக்கக்கூடாது என்று அந்தப் பிரபு தன் பசியோடு மல்லுக்கட்டுகிறான். வேட்டைக்காரர்கள்தான் இப்போது வில்லன்கள் போலத் தெரிகிறார்கள். இதைச் சரக்கில்லாத கதை என்று எப்படிச் சொன்னீர்கள்?

மூலம் ஹிதேயுகி கிக்குச்சியின் நாவல் வரிசையில் மூன்றாவது. அந்த நாவல்களுக்குப் படம் வரைந்தவர் யோஷிதாகா அமானோ. காற்றில் கலைந்த முடி, மெல்லிய கோடு, புகைபோல் பரவும் மை. அதை அசைய வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. 1985-ல் வந்த முதல் 'டி' படத்தில் அந்த நளினம் காணாமல் போயிற்று, அந்தக் காலத்துத் தொலைக்காட்சித் தொடர் மாதிரிதான் முகங்கள் இருக்கும். இங்கே யுதாகா மினோவாவின் வடிவமைப்பில் அமானோவின் கோடு தப்பிப் பிழைத்திருக்கிறது. தொடக்கத்தில் மெயரின் வண்டி ஊருக்குள் வரும்போது கோபுரச் சிலுவைகள் தாமாக வளைகின்றன. வசனமே இல்லை. நான் பார்த்த எத்தனையோ பேய்ப் படங்களில் ஒருவரின் வருகையை இவ்வளவு சிக்கனமாகச் சொன்னது அபூர்வம்.

என்னைப் பிடித்து வைத்திருப்பது சண்டையல்ல. குதிரை விற்கும் கிழவர் வரும் காட்சி. டி-யை ஊர்க்காரர்கள் விரட்டப் பார்க்கிறார்கள். அப்போது கிழவர், சிறுவயதில் தன்னைக் காப்பாற்றிய ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். எதிரே நிற்பவனுக்கு வயதே ஆகவில்லை, இவருக்குத் தலை நரைத்துவிட்டது. அப்புறம் மார்கஸ் சகோதரர்களில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் க்ரோவ். ஊசி போட்டால்தான் அவன் ஆவி வெளியே வந்து சண்டை போடும், ஒவ்வொரு தடவையும் உயிர் கொஞ்சம் குறையும். கூலிப்படையாக நமக்கு அறிமுகமானவர்கள் அவன் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது ஒரு குடும்பமாகிறார்கள்.

இப்போது குறைகள். ஒளித்து வைத்தால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள்.

டி ஒரு ஆள் இல்லை, ஒரு தொப்பியும் ஒரு வாளும். அவனுக்குப் பயமில்லை, ஆசையில்லை, தோற்பான் என்ற சந்தேகமும் நமக்கு வருவதில்லை. வெயிலில் சுருண்டு விழும் இடத்தில்தான் கொஞ்சம் உயிர் வருகிறது. படத்தைத் தூக்கிச் சுமப்பவள் லெய்லா. பார்பரோய் ஊரிலிருந்து மெயர் அமர்த்தும் காவலர்கள் இன்னும் மோசம். ஆளுக்கொரு வித்தை, வித்தை முடிந்ததும் ஆளும் முடிந்தான். பள்ளி ஆண்டுவிழாவில் மேடையேறி இறங்குவது போல வரிசையாக வந்து போகிறார்கள். ஷார்லட்டோ பெருமூச்சு விடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. இவ்வளவு பேர் அவளுக்காகச் சாகும்போது அவளுக்கென்று ஒரு காட்சியாவது எழுதியிருக்கலாம்.

பெரிய தவறு, கடைசியில் எல்லாரும் போய்ச் சேரும் கோட்டையில் நடக்கிறது. அதுவரை கேள்வி ஒன்றுதான்: இந்தக் காதலை விட்டுவிடுவதா, வெட்டுவதா? அதற்கு டி பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் கார்மிலா என்ற பழைய பேயரசி நுழைந்து எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்கிறாள். ஷார்லட்டைக் கொல்வது இவள், டி-யின் கை சுத்தமாக இருக்கிறது. கதை தப்பித்துக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. மாயக்காட்சிகள், உடையும் கண்ணாடி, பொங்கும் இரத்தம் என்று அரைமணி நேரம் அழகாகக் கரைகிறது. பார்க்கும்போது மயங்கினேன், இரண்டாம் தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஆகையால் 'மகத்தான காவியம்' என்று அச்சடித்துத் திரையிடுங்கள் என்று கேட்கவில்லை. குறைகளையும் சொல்லி, பத்து நிமிட அறிமுகத்தோடு ஒரு சனிக்கிழமை இரவு போடுங்கள். அறிமுகத்தை நானே பேசுகிறேன். ஒளிபுகும் தாளில் கையால் வரையும் 'செல்' முறை கணினிக்கு வழிவிட்ட காலத்துப் படம் இது. மடிக்கணினியில் பார்த்துவிட்டு முடிவு செய்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று கேட்க மாட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை. மெயரின் விண்கப்பல் கிளம்பியதும் படம் முடிந்தது என்று யாராவது விளக்கைப் போட்டுவிடுவார்கள். போட விடாதீர்கள். மழை இரவில் லெய்லா டி-யிடம் ஒரு ஒப்பந்தம் பேசியிருப்பாள்: முதலில் சாகிறவர் கல்லறைக்கு மற்றவர் பூ கொண்டுவர வேண்டும். பல வருடம் கழித்து, அவள் அடக்கத்தன்று, தூரத்தில் ஒரு குதிரை நிற்கும். பேத்தி ஓடிவந்து அவனோடு பேசுவாள்.

அன்புடன்,
சங்கத்தின் பழைய உறுப்பினன்