செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: மேய்க்கால் நிலமும் அரசு நிதியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, திருப்புல்லாணி, மண்டபம், கடலாடி ஒன்றியங்களிலிருந்து வந்திருக்கும், ஆட்டுக் கிடை (மந்தை) நடத்தும் கீதாரிமார்களே, ஆடு வளர்க்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். சங்கத்தின் வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மேய்க்கால் புறம்போக்கை, அதாவது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை, சீர்செய்ய அரசுப் பணம் எந்த வழியில் வருகிறது, வந்த பணம் ஏன் புல்லாக மாறுவதில்லை, அடுத்த ஆண்டு நாம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் இந்த அறிக்கை சொல்கிறது.

முதலில் காலக் கணக்கு. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக 800 மி.மீ.யை ஒட்டி இருக்கும். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். புல் விதை மண்ணுக்குள் போக வேண்டியது அந்த மழையின் தொடக்கத்தில். ஆனால் ஒதுக்கீடு வந்து, எஸ்டிமேட் போட்டு, நிர்வாக அனுமதி கைக்கு வரும்போது தை, மாசி ஆகிவிடுகிறது. மார்ச் 31-க்குள் செலவு காட்டியாக வேண்டும் என்று மாசியில் விதைத்தால் முளைத்தது பங்குனி வெயிலில் கருகும். பில் பாஸாகிவிடும், அளவுப் புத்தகத்தில் எல்லாம் சரியாக இருக்கும், தரை மட்டும் பொட்டலாகக் கிடக்கும். நம் கோரிக்கை அனைத்தும் இந்த ஒன்றிலிருந்து கிளம்புகிறது: ஆகஸ்ட் மாதத்துக்குள் அனுமதி வேண்டும், அக்டோபர் முதல் மழைக்கு விதை தரையில் இருக்க வேண்டும்.

எந்தப் பணத்தில் எந்த வேலை

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன்படி மேய்க்கால், களம், வண்டிப்பேட்டை, தோப்பு போன்ற புறம்போக்குகள் கிராம ஊராட்சியின் பொறுப்பில் வருகின்றன. ஆகவே கோரிக்கை தொடங்க வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு கூட்டங்களில் நமக்கு முக்கியமானது அக்டோபர் 2. அடுத்த ஆண்டுக்கான பணிப்பட்டியல் அப்போதுதான் உருவாகிறது. அதில் சர்வே எண்ணோடு நம் நிலம் ஏறாவிட்டால் அடுத்த மழைக்காலம் நமக்கு இல்லை. மனுவோடு, நிலத்தின் வகையும் பரப்பும் காட்டும் 'அ' பதிவேட்டின் நகலும், எல்லை காட்டும் புலப்படமும் இணைத்துக் கொடுங்கள். "ஊருக்குக் கிழக்கே உள்ள மேய்ச்சல் தரை" என்று எழுதிய மனு நகராது. ஆக்கிரமிப்பு இருந்தால் முதலில் குறுவட்ட நில அளவரை வைத்துக் கல் ஊன்ற வேண்டும். 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி நோட்டீஸ் கொடுத்துத்தான் அகற்ற முடியும். அதற்குப் பல மாதம் பிடிக்கும். எனவே தகராறு இல்லாத எண்ணை முதல் ஆண்டுக்குக் கொடுப்பதே நல்லது. பொது நிலத்தை மீட்டு ஊராட்சியிடம் ஒப்படைக்கச் சொல்லும் 2011 ஜனவரி 28-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் நகல் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. மனுவோடு சேர்க்க விரும்புவோர் பெற்றுக்கொள்ளலாம்.

2024–25-ல் நடப்பிலிருந்த விதிப்படி நூறு நாள் வேலைத் திட்டத்தில் அகழி வெட்டலாம், கரை போடலாம், நிலம் சமன்செய்யலாம், தீவன மரம் நடலாம். ஆள் வேலையைப் பறிக்கும் இயந்திரத்தை அங்கே இறக்க முடியாது. மேய்க்காலைப் புதராக்கும் சீமைக்கருவேலத்தின் தூரை, அதாவது வேரோடு சேர்ந்த அடிக்கட்டையை, கடப்பாரையால் தோண்டினால் அந்த அளவுக்குக் கூலி கட்டாது. 2024–25-ல் நாள் கூலி 319 ரூபாய், அதுவும் வேலை அளவைப் பொறுத்தது. ஹிட்டாச்சி என்னும் மண் தோண்டும் இயந்திரத்தின் வாடகைக்கு வேறு தலைப்பு வேண்டும். 2021–26 காலத்துக்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது, 40 சதவீதம் ஊராட்சியின் தேவைக்கு விடப்பட்டது. அந்த 40-ல்தான் இயந்திரச் செலவைக் கேட்க வேண்டும். இரண்டு நிதியையும் ஒரே எஸ்டிமேட்டில் கலந்து எழுதிய கோப்புகள் ஆட்சேபத்தோடு திரும்பிவிடுகின்றன. தூர் அகற்றுவது தனி வேலை, அதற்குப் பிந்தைய மண் வேலை தனி வேலை என்று இரண்டு கோப்பாகவே போட வேண்டும்.

மூன்றாவது வழி மரத்திலேயே இருக்கிறது. புறம்போக்கில் நிற்கும் சீமைக்கருவேலத்தை வனத்துறை மதிப்பிட்டு, ஏலம் விட்டால் பணம் ஊராட்சிக்கு வரும். ஏல நிபந்தனையில் "தூரோடு அகற்ற வேண்டும்" என்ற வரியும், அதற்கான முன்வைப்புத் தொகையும் இருந்தாக வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் எடுத்தவர் முழங்கால் உயரத்தில் வெட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரு மரம் இருந்த இடத்தில் அடுத்த மழைக்குப் பத்துக் கிளை எழும், ஆடு நுழைய முடியாத புதராகும். தூரில் கரி நன்றாக விழும். மூட்டம் போடுவோருக்கும் அதில் ஆதாயம் உண்டு என்பதால் இந்த நிபந்தனை ஏலத்தொகையைப் பெரிதாகக் குறைக்காது.

2025 ஜனவரி 5-ம் தேதியோடு நம் மாவட்ட ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவரிடம் நேரில் சொல்லி நடந்த வேலை இனி எழுத்தில்தான் நடக்கும். ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். நூறு நாள் வேலைக் கூலியும் 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாடு முழுவதும் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. விதைக்கும் பருவத்தையடுத்து, புதிதாக முளைத்த சீமைக்கருவேல நாற்றுகளைப் பிடுங்க வேண்டிய வாரங்களில் ஆள் வராமல் போனதற்கு அதுவே காரணம். வேலைக்கு வந்த நம் வீட்டுப் பெண்கள் கூலி இல்லாமல் பொங்கலைக் கடந்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

தூர், நெற்று, விதை

சீமைக்கருவேலம் துளிர்ப்பது தண்டும் வேரும் சேரும் கழுத்திலிருந்து. மண்ணுக்குக் கீழே 30 செ.மீ. வரை அந்தக் கழுத்தை முழுதாக எடுத்துவிட்டால் கீழே கிடக்கும் பக்கவேர் தொல்லை தராது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். கரிசல் பாங்கான கண்மாய்ப் பக்கத்தில் ஒரு கோடைமழைக்குப் பின் இறங்கினால் தூர் சுத்தமாக வரும், வறண்ட கட்டியில் கழுத்து ஒடிந்து உள்ளேயே நின்றுவிடும். குழியை அன்றைக்கே மூடிச் சமன்செய்யச் சொல்லுங்கள். கடலோரத்தில் மூடாத குழியில் நீர் நின்று வற்றும்போது உவர் மேலே பூத்துவிடும். அந்த இடத்தில் பிறகு எதுவும் எழும்பாது.

நெற்று, அதாவது சீமைக்கருவேலத்தின் முற்றிய காய், பெரிய சிக்கல். ஆடும் மாடும் அதை விரும்பித் தின்னும், விதை சாணத்தோடும் புழுக்கையோடும் முளைக்கத் தயாராக வெளியே வரும். சீர்செய்த நிலத்தில், நெற்று மேய்ந்துவிட்டு வந்த கிடையைப் போடக் கூடாது. முள்வேலிக்கு வெட்டும் கிளையிலும் நெற்று இருக்கக் கூடாது. மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதை பல ஆண்டு உயிரோடு இருக்கும். ஆகவே முதல் மழைக்குப் பின் கார்த்திகையில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை, ஈரம் இருக்கும்போது நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு இது தொடர வேண்டும். இந்தக் கூலி எந்த எஸ்டிமேட்டிலும் இருப்பதில்லை, நிலம் மறுபடி புதராவதும் இதனால்தான். மரக்கன்று நடும் பணியில் பின்வரும் ஆண்டுகளின் பராமரிப்பையும் சேர்த்து மதிப்பிட வழி இருக்கிறது. எனவே ஓரத்தில் வெள்வேல், குடைவேல், அகத்தி நடும் பணியாகக் கோப்பைப் போட்டு, பராமரிப்புக் கூலியை அதில் கேட்க வேண்டும் என்பது நிர்வாகக் குழுவின் முடிவு. குடைவேலும் வெள்வேலும் நம் மண்ணின் மரங்கள். இயந்திரம் இறங்கும் முன் அவற்றில் சுண்ணாம்பு பூசி அடையாளம் வையுங்கள், ஓட்டுநருக்கு எல்லா முள்ளும் ஒன்றுதான். மணல்மேட்டிலும் அலையாத்திக் காட்டிலும் கை வைக்க வேண்டாம். அவை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தின் முதல் வகையில் வருபவை. இராவணன் மீசைப் புல்லைப் பிடுங்கினால் மணல் நம் ஊருணிக்குள்தான் வந்து விழும்.

விதையைப் பொறுத்தவரை மேட்டு மணற்பாங்குக்கு நீலக் கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசால் என்ற பயறுவகைத் தீவனமும் மூன்றுக்கு ஒன்று வரிசையாகப் போதும். புல் விதை ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ. அறுத்த உடனே விதைத்தால் முளைக்காது. ஆறு மாதமாவது கிடந்த விதையாகக் கேட்டு வாங்குங்கள். பஞ்சு போன்ற அந்த விதையை ஈரமணலில் கலந்து தூவினால்தான் காற்றில் பறக்காது. முயல்மசால் விதையின் தோல் கடினமானது. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, 80 டிகிரிக்கு ஆறியதும் விதையை நான்கைந்து நிமிடம் போட்டு எடுத்து, பச்சைத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். இரண்டுமே நீர் தேங்கும் பள்ளத்தில் அழுகிவிடும். உமரி நிற்கும் உவர்த்தரையில் விதைப்பணத்தைக் கொட்ட வேண்டாம். அங்கே இயற்கையாக வரும் புல்லுக்கு ஓய்வு கொடுத்தாலே போதும்.

அடைப்பும் திறப்பும்

மழைக்காலத்தில் மானாவாரி நெல் நிற்பதால் வயலுக்குள் கிடை போக முடியாது. தை, மாசி அறுவடை வரை ஆடுகளுக்குப் போக்கிடம் மேய்க்காலும் கண்மாய்க் கரையும்தான். புல் வேர் பிடிக்க ஓய்வு கேட்கும் அதே வாரங்களில் ஆடுகள் அங்கேதான் குவிகின்றன. முழு நிலத்தையும் அடைக்கச் சொன்னால் எந்தக் கீதாரியும் ஒப்புக்கொள்ள முடியாது. மூன்றில் ஒரு பங்கை அடைத்து, விதை உதிர்ந்த பின் திறந்து, அடுத்த ஆண்டு அடுத்த பங்குக்குப் போகும் முறையைத்தான் கிராம சபைத் தீர்மானத்தில் எழுத வேண்டும்.

அடைப்புக்காக வெட்டும் அகழியின் கணக்கு இது. மேல் அகலம் 1.5 மீட்டர், அடி அகலம் 0.9 மீட்டர், ஆழம் 1 மீட்டர் என்றால் மீட்டருக்கு 1.2 கன மீட்டர் மண். சதுரமான ஒரு ஹெக்டேரைச் சுற்றி 400 மீட்டர், 480 கன மீட்டர் ஆகும். நான்கு ஹெக்டேரைச் சேர்த்து அடைத்தால் சுற்றளவு 800 மீட்டர், ஹெக்டேருக்கு 240 கன மீட்டர், அதாவது செலவு சரிபாதி. துண்டு துண்டாக அடைக்கும் எஸ்டிமேட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மணல் தரையில் இந்த அளவு நிற்காது. 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது போன்ற மழையில் செங்குத்தான மணல்சுவர் தூர்ந்துபோகும். அங்கே சாய்வைக் கூட்டி வெட்டி, எடுத்த மண்ணைக் கரையாக்கி, கரைமேல் பனைவிதை ஊன்றி, முதல் இரண்டு ஆண்டுக்கு முள் அடைத்துக்கொள்ள வேண்டும். அகழி மாட்டைத் தடுக்கும், வெள்ளாட்டைத் தடுக்காது. கொடி இன வெள்ளாடு வைத்திருப்போர் இதை மனதில் கொள்ளவும்.

திறந்த பின் எத்தனை நாள் மேய்ப்பது? ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்து, ஐந்தாறு இடத்தில் போட்டு, உள்ளிருக்கும் புல்லை அறுத்துக் காயவைத்து எடை போடுங்கள். சராசரி 100 கிராம் வந்தால் ஹெக்டேருக்கு ஒரு டன். அதில் பாதியை வேருக்கும் விதைக்கும் விட வேண்டும். மீதி 500 கிலோ. செம்மறி ஒன்று நாளைக்கு உலர் எடையில் ஏறத்தாழ ஒரு கிலோ தின்னும். 100 உருப்படிக் கிடைக்கு அது ஐந்து நாள். ஆறாம் நாள் கிடை நகர வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி பற்றி ஒரு வார்த்தை. கட்டித் தரப்படும் தொட்டிகள் மாட்டின் உயரத்துக்கு இருக்கின்றன, குட்டிக்கு வாய் எட்டுவதில்லை. செம்மறிக்கு 30 முதல் 40 செ.மீ. உயரம் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கோடையில் 100 ஆட்டுக்கு நாளைக்கு 500 லிட்டர் வரை கணக்கிட வேண்டும்.

மத்திய அரசுத் திட்டங்கள்

தேசிய கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரி 21-ல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திருத்தம் நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. வனம் அல்லாத தரிசு, மேய்ச்சல் நிலம், சாகுபடிக்கு ஆகாத நிலம், சீரழிந்த வனநிலம் ஆகியவற்றில் தீவனம் வளர்க்க மாநில அரசுக்கு உதவி உண்டு. தனிநபர் விண்ணப்பிக்கும் திட்டம் அல்ல இது. மாநிலம் கேட்டால்தான் வரும். எனவே கால்நடைப் பராமரிப்புத் துறை வழியாக நம் சர்வே எண்கள் மாநிலத் திட்டத்தில் ஏற வேண்டும். அதே திருத்தத்தில் காப்பீட்டுப் பிரீமியத்தில் பயனாளி பங்கு 15 சதவீதமாகக் குறைந்தது, ஒரு குடும்பத்துக்கு 100 ஆடு வரை சேர்க்கலாம் என்றும் ஆனது. காப்பீட்டு அடையாளமான காது வில்லை விழுந்தால் உடனே கால்நடை மருந்தகத்தில் சொல்லி மாற்றுங்கள், வில்லை இல்லாமல் செத்த ஆட்டுக்கு இழப்பீடு கிடைக்காது. 500 ஆடும் 25 கிடாயும் கொண்ட பண்ணைக்கு 50 லட்சம் வரை 50 சதவீத மானியம் இருக்கிறது. அது கொட்டில் வைத்து வளர்க்கும் முதலாளிக்குப் பொருந்துமே தவிர, மேய்ச்சலை நம்பிய கிடைக்கு உதவாது.

2024 அக்டோபர் 25-ல் தொடங்கிய 21-வது கால்நடைக் கணக்கெடுப்பில் முதல்முறையாக மேய்ச்சல் சமூகத்தின் கால்நடைகள் தனியே பதிவாயின. கிடையோடு தஞ்சாவூர்ப் பக்கம் போனவர்கள் அங்கேயாவது எண்ணப்பட்டார்களா என்பதை ஒவ்வொருவரும் கேட்டு உறுதி செய்து சங்கத்துக்குச் சொல்லவும். நிதி ஒதுக்கும்போது அந்த எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் அரசு மேய்ச்சல் நிலத்தில் ஒரு மாடும் கன்றும், அல்லது ஐந்து ஆடும், ஒரு மாதம் மேய 2024-ல் 1.35 டாலர் கட்டணமாக இருந்தது. 1978-ம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டணத்தை நிர்ணயிக்கும் முறையை வகுத்தது. வசூலில் பாதியாவது மேய்ச்சல் நிலச் சீரமைப்புக்கே திரும்புகிறது. நம்மிடம் கட்டணம் வாங்கச் சொல்லி இதைக் கூறவில்லை. மேய்க்காலில் நின்ற மரத்தை விற்ற பணம் ஊராட்சியின் பொதுச் செலவில் கரையாமல் அதே சர்வே எண்ணின் புல்லுக்குத் திரும்ப வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. 2026-ஐ ஐக்கிய நாடுகள் சபை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்போருக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. அதற்குள் ஒன்றியத்துக்கு ஒரு நிலமாவது சீராகி நிற்க வேண்டும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறேன். மேய்க்கால் பணிகளுக்கு ஆகஸ்ட் 31-க்குள் நிர்வாக அனுமதி கோருவது. மர ஏலத்தில் தூரோடு அகற்றும் நிபந்தனையையும், ஏலத்தொகையைத் தனிக் கணக்கில் வைப்பதையும் வலியுறுத்துவது. நாற்றுப் பிடுங்கும் வேலைக்கு மூன்றாண்டுப் பராமரிப்புக் கூலி கேட்பது.

துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்களுக்கான தடுப்பூசிகளை மழை தொடங்கும் முன் போட்டுவிடுங்கள். புது மழையின் இளம்புல்லில் துள்ளுமாரி முதலில் அடிப்பது நன்கு கொழுத்த குட்டிகளைத்தான்.

இவண்,
செயலாளர்