எத்தனை கிலோ என்று மட்டும் கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

எடை குறைக்கும் சத்திரசிகிச்சை பற்றி இப்போது வெள்ளவத்தையில் கல்யாண வீட்டிலும் கதைக்கிறார்கள், கோயில் வாசலிலும் கதைக்கிறார்கள். ஆனால் எல்லாரும் கேட்பது எத்தனை கிலோ குறையும், எவ்வளவு காசு முடியும் என்பதைத்தான். என் அக்கா இந்த ஒப்பரேஷன் செய்துகொண்டவர். அவரோடு கூடவே நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், செய்த பிறகு என்னை யார் பார்ப்பார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பொது சத்திரசிகிச்சை நிபுணர் என்றால் அப்பெண்டிக்ஸ், ஹேர்னியா, பித்தப்பை என்று வயிற்றுக்குள்ளே பல வேலை தெரிந்தவர். இங்கே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் எம்.டி. முடித்து, வெளிநாட்டிலும் பயிற்சி எடுத்த பிறகுதான் அந்த இடத்துக்கு வருகிறார்கள். அந்தப் படிப்பில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனாலும் எடை குறைக்கும் ஒப்பரேஷனுக்கு அதற்கு மேலே தனிப் பயிற்சி வேண்டும், எல்லா நிபுணர்களும் இதைச் செய்வதில்லை. "டொக்டர், நீங்கள் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், இரவில் சிக்கல் வந்தால் யார் வருவார், ஐசியூ இருக்கிறதா" என்று கேட்டால் கோபிப்பார் என்று எங்கள் ஆட்கள் பயப்படுகிறார்கள். சனல் பண்ணிப் போய் ஐந்து நிமிஷத்தில் எழும்பி வந்துவிடுகிறார்கள். நல்ல நிபுணர் கோபிக்க மாட்டார், எங்களுக்குப் பதில் சொன்னவர் பேப்பரில் இரைப்பையை வரைந்து காட்டியே சொன்னார்.

அவர் வரைந்தது ஸ்லீவ் என்கிற முறை. இரைப்பையின் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் கூடவே நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள், மிச்சம் ஒரு வாழைப்பழ அளவுக் குழாய். பசியைக் கிளப்புகிற ஹோர்மோன் பெரும்பாலும் வெட்டி எடுக்கிற அந்தப் பக்கத்தில்தான் சுரக்கிறதாம், அதனால் பசியே குறைகிறது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. இரைப்பை பைபாஸ் என்பது வேறு முறை. அதில் இரைப்பையின் மேல்பக்கத்தில் சின்னப் பை ஒன்றை மட்டும் பிரித்து, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தாண்டி அதற்கு அடுத்த பகுதியோடு அதை நேரே இணைக்கிறார்கள். சீனி வருத்தம் உள்ள பலருக்குப் பைபாஸுக்குப் பிறகு எடை குறைய முன்னமே சீனி இறங்கத் தொடங்கிவிடும், அதற்கேற்ப மருந்தைக் குறைக்க டொக்டர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவருக்கு ஸ்லீவ் அவ்வளவு பொருந்தாது. எது யாருக்கு என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அன்ரி அல்ல.

யாருக்குச் செய்யலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2022 இல் வந்த சர்வதேச வழிகாட்டலின்படி பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற எண், 35 தாண்டினால் வேறு வருத்தம் இல்லாவிட்டாலும் யோசிக்கலாம், சீனி வருத்தம் இருந்தால் 30 போதும். எங்களைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நோய் வருவதால் 27.5 இலிருந்தே பார்க்கலாம் என்கிறார்கள். 160 சென்றிமீற்றர் உயரமான ஒருவர் 90 கிலோ என்றால் 35. கல்யாணத்துக்கு முன் பத்துக் கிலோ குறைக்க வேண்டும் என்கிற பிள்ளைக்கு உரிய வழி இது இல்லை.

அக்கா சென்னையில் செய்தார். அங்கே தெரிந்தவர்கள் இருந்தார்கள், ஒப்பரேஷனும் நல்லபடி நடந்தது, அந்த டொக்டரில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சின்னக் கிளாசில் சூப்பை வைத்து, மேசைக்கரண்டியால் ஒவ்வொரு வாயாகக் குடித்துக்கொண்டிருப்பார், அந்தக் கிளாஸ் முடிய அரை மணித்தியாலம் போகும். கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. எழுதித் தந்த விற்றமின் குளிசைகள் முடிந்ததும், இனி வேண்டாம் என்று யாரோ சொல்ல, அக்கா நிறுத்திவிட்டார். காலில் விறைப்பு, படி ஏறினால் மூச்சு, முகம் வெளிறிப் போனது. இங்கே ஒரு கிளினிக்கில் டயட் பண்ணினால் அப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு காட்டிய சத்திரசிகிச்சை நிபுணர் முதலில் கேட்டது "என்ன ஒப்பரேஷன், எப்படிச் செய்தார்கள், டயக்னோசிஸ் கார்ட் எங்கே" என்றுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது தருகிற சிகிச்சை விபரக் குறிப்பு அது, எங்கள் கையில் இருந்தது பில் மட்டும். இரத்தம் சோதித்தால் பி12 உம் இரும்புச்சத்தும் அடியோடு இறங்கியிருந்தன. இப்போது ஊசியும் குளிசையுமாக நன்றாக இருக்கிறார், ஆனால் விற்றமின் ஆயுளுக்கும் நிறுத்தக் கூடாது என்பதை ஒருவராவது தமிழில் எழுதித் தந்திருந்தால் அந்த மாதங்களே வந்திருக்காது.

ஆகவே சென்னைக்குப் போகிறவர்கள் டிக்கெட் போட முன்னம் கொழும்பில் தங்களைத் தொடர்ந்து பார்க்கப்போகிற நிபுணரையும் டயட்டீஷியனையும் தேடி வையுங்கள், வரும்போது ஒப்பரேஷன் விபரம் முழுவதையும் எழுத்தில் வாங்கி வாருங்கள். ஒப்பரேஷன் முடிந்த முதல் வாரங்களில் காய்ச்சல், நாடி வேகம், வயிற்று நோ கூடினால் தையல் போட்ட இடத்தில் கசிவாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாந்தி நிற்காமல் இருந்தாலும் அப்படியே, விற்றமின் பி1 குறைந்து மூளையைப் பாதிக்கும். பைபாஸ் செய்தவர்கள் பார்மசியில் கேட்டு டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்ற நோக்குளிசை போடக் கூடாது, அல்சர் வரும். பிள்ளை பெற இருப்பவர்கள் ஒரு வருஷமாவது, முடிந்தால் ஒன்றரை வருஷம் பொறுக்க வேண்டும். தலைமயிர் கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும்.

"சாகப் போகிற வேலை" என்று பயமுறுத்துகிற உறவுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சுவீடனில் 1987 இல் தொடங்கிய ஆய்வில் இந்தச் சிகிச்சை செய்தவர்களிடையே, செய்யாத பருமனானவர்களைவிட மரணம் குறைவாக இருந்ததாக 2007 இல் எழுதினார்கள். வாயைக் கட்ட முடியாதவள் என்று அக்காவை எத்தனை பேர் சொன்னார்கள்! பருமன் ஒரு நோய், சோம்பல் அல்ல. கல்யாண வீட்டில் அவருடைய வாழையிலையில் கேட்காமல் சோறு போடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், இரண்டு வாய் கூடினாலே அவருக்கு நெஞ்சு அடைக்கும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகையில் இந்தத் துறை நிபுணர் ஒருவரையும் டயட்டீஷியன் ஒருவரையும் வைத்து வாசகர் கேள்விகளுக்குத் தமிழில் பதில் போடுங்கள். இந்தச் சிகிச்சை செய்கிற அரச, தனியார் வைத்தியசாலைகள் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது விற்றமின் பட்டியலையும் அடுத்த இரத்தப் பரிசோதனைத் திகதியையும் தமிழில் ஒரு பக்கத்தில் கொடுக்க வேண்டும் என்று நீங்களும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6