குளிர் அறையை மறுபடி இயக்குங்கள்: இடப் பயன்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இடப் பயன்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம்.

"கடந்த பத்தாண்டுகளில் ஆய்வுக்குக் கேட்டுப் பெறப்படாத" கடலடி வண்டல் கோர்களை (கடலடியில் குழாயைச் செருகி எடுத்த நீளமான சேற்று உருளைகளை) அகற்றிவிட்டு, அந்த இடத்தை அலுவலக விரிவாக்கத்துக்குத் தருவது என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எங்கள் ஆய்வகத்துக்கும் வந்து சேர்ந்தது. முடிவு இன்னும் அமலாகவில்லை. ஆனால் கோர்கள் இருக்கும் குளிர் அறை, மின் சிக்கனம் என்ற பெயரில், போன கோடைக்கு முன்பே நிறுத்தப்பட்டுவிட்டது. பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. எங்களிடமிருந்து எத்தனை கடிதம் வந்தது, எத்தனைக்குப் பதில் போனது என்பதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். குளிர் அறையை மறுபடி இயக்குங்கள். அகற்றும் முடிவை நிறுத்தி வையுங்கள். நான் கேட்பது இந்த இரண்டும்தான்.

இப்போது ஏன் பொதுவில் எழுதுகிறேன் என்றால், அண்மையில் எங்கள் ஆராய்ச்சி மாணவி ஒருவர் தன் ஆய்வேட்டுக்காக ஒரு கோரைத் திறந்தார். ஆக்சிஜன் குறைந்த கடலடியிலிருந்து எடுத்த கரும்பச்சைச் சேறு அது. ஓரங்கள் காய்ந்து வெடித்திருந்தன. வெட்டுப் பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் படிகங்கள் மின்னின. கழுவி, 63 மைக்ரான் சல்லடையில் சலித்து, மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தார். ஃபோராம் (சுண்ணாம்பு ஓடு கொண்ட ஒற்றைச் செல் கடலுயிரி) ஓடுகள் இருந்தன, ஆனால் பாதிக்கு மேல் அரிக்கப்பட்டவை. ஒரு மாதிரியில் 300 ஓடுகளாவது எண்ணினால்தான் கணக்கு நம்பத்தக்கது என்பது எங்கள் துறையில் வழக்கம். பல அடுக்குகளில் அந்த 300 தேறவே இல்லை.

அந்தப் படிகங்கள் ஜிப்சம். எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக மாற்றும். அது இரும்போடு சேர்ந்து பைரைட் ஆகும். பல நேரம் இந்தப் பைரைட் ஃபோராம் ஓட்டின் அறைகளுக்குள்ளேயே நுண்ணிய உருண்டைகளாக உட்கார்ந்திருக்கும். கடலடியில் இருக்கும்வரை அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. மேலே கொண்டுவந்து காற்றும் ஈரமும் வெப்பமும் கொடுத்தால், பைரைட் ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலம் உண்டாகும். அமிலம் பக்கத்திலேயே இருக்கும் சுண்ணாம்பு ஓட்டைக் கரைக்கும். கரைந்த கால்சியமும் சல்ஃபேட்டும், சேறு காயக் காய, ஜிப்சமாகப் படியும். ஆக, அந்த வெள்ளைப் படிகங்கள் வெளியிலிருந்து வந்த அழுக்கு அல்ல. அவை ஒரு காலத்தில் ஓடுகளாக இருந்தவை. நான்கு டிகிரி செல்சியஸில், காற்றுப் புகாமல், ஈரம் போகாமல் வைத்தால் இந்த வேலை மிக மிக மெதுவாக நடக்கும். ஜெர்மனியின் பிரெமன், அமெரிக்காவின் டெக்சஸ், ஜப்பானின் கோச்சி ஆகிய இடங்களில் இருக்கும் பெரிய கோர் கிடங்குகள் ஏறக்குறைய அந்த வெப்பநிலையிலேயே வைத்திருப்பது ஆடம்பரத்துக்காக அல்ல.

இதில் ஓடுகள் குறைந்துபோனதைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். மிச்சம் இருப்பவை பொய் சொல்கின்றன என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. எல்லா ஓடும் ஒரே வேகத்தில் கரைவதில்லை. வெப்பக் கடலின் மேல்மட்டத்தில் வாழும் குளோபிஜெரினாய்டஸ் ரூபர் போன்ற ஃபோராம் இனங்களின் மெல்லிய ஓடுகள் முதலில் போய்விடும். குளோபோரோட்டாலியா டுமிடா போன்ற தடித்த ஓடுகள் கடைசிவரை நிற்கும். மிஞ்சியதை மட்டும் எண்ணுகிறவர் அந்தக் காலத்துக் கடல் உண்மையில் இருந்ததைவிடக் குளிர்ந்திருந்தது என்று முடிவு கட்டிவிடலாம். இந்தக் கோரில் எங்களைக் காப்பாற்றியது பழைய ஸ்லைடுதான். கோர் புதிதாக இருந்தபோது அதே அடுக்குகளிலிருந்து எடுத்து ஒட்டிய ஓடுகள், கறுப்பு அட்டையில் கட்டம் கட்டமாக, இன்றும் அப்படியே இருக்கின்றன. அதில் ரூபர் நிறைய. இப்போது எடுத்ததில் ஏதோ ஒன்றிரண்டு. நடுவே மாறியது கடல் அல்ல, நம் அறையின் வெப்பநிலை. அந்த ஸ்லைடு இல்லாத அடுக்குகளுக்கு என்ன செய்வது என்று மாணவி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லி அனுப்புங்கள்.

அடுத்து, அந்தப் பத்தாண்டு விதி. இதை வகுத்தவர் யார் என்று தெரியவில்லை, ஆனால் கோர் எப்படி வைக்கப்படுகிறது என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். ஒவ்வொரு கோரையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்போம். ஒன்று வேலைப் பாதி, அதிலிருந்து மாதிரி எடுக்கலாம். இன்னொன்று காப்புப் பாதி, அதைத் தொடவே கூடாது என்பதுதான் விதி. நீங்கள் போட்ட பட்டியலில் காப்புப் பாதிகள் ஏறக்குறைய எல்லாமே "பயன்படுத்தப்படாதவை" என்று வந்திருக்கின்றன. தொடாதே என்று சொன்னதைத் தொடாமல் வைத்திருந்ததற்குத் தண்டனை போலிருக்கிறது.

பத்தாண்டு எவ்வளவு சிறிய காலம் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு போதும். சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி வந்தது. அந்தப் பயணத்தின் வண்டலையும் மிதவை உயிரிகளின் மாதிரிகளையும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இன்றும் வைத்திருக்கிறது. கடலடிச் சேற்றில் கிடக்கும் குளோபிஜெரினா என்ற ஃபோராமின் ஓடுகள் அடியில் வாழ்ந்தவை அல்ல, மேலே மிதந்து வாழ்ந்து செத்தபின் கீழே மழையாகப் பொழிந்தவை என்று அந்தப் பயணத்தில்தான் அதில் சென்ற இயற்கையியலாளர் ஜான் மர்ரே நிலைநாட்டினார். அப்புறம் ஏறக்குறைய 140 ஆண்டுகள் கழித்து, சேலஞ்சர் கொண்டுவந்த ஃபோராம் ஓடுகளையும் 2009-க்குப் பிறகு தாரா என்ற ஆய்வுக் கப்பல் சேகரித்த ஓடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேன் செய்தார்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வில், இன்றைய ஓடுகள் 76 சதவீதம் வரை மெலிந்திருப்பது தெரிந்தது. கடல் அமிலமாகிவருவது பற்றி 1876-இல் யாரும் கவலைப்படவில்லை. அந்தக் கேள்வியே அன்று பிறக்கவில்லை. உங்கள் குழு அன்று லண்டனில் இருந்திருந்தால் 1886-இலேயே இடம் காலியாகியிருக்கும்.

இது ஒரு தனி நிகழ்வும் அல்ல. 1976-இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் என்ற விஞ்ஞானிகள் மூவரும் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்கள்தான் பனியுகங்களின் தாளத்தை நிர்ணயிக்கின்றன என்று காட்டியது தென் இந்தியப் பெருங்கடலின் இரண்டே கோர்களைக் கொண்டு. கிடங்குகளில் ஏற்கெனவே இருந்த கோர்களைத் தேடிப்பிடித்துத்தான் அந்த வேலையைச் செய்தார்கள். ரேடியோலேரியா என்ற நுண்ணுயிரிகளின் சிலிக்கா ஓடுகளை எண்ணி, ஃபோராம் ஓட்டின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து, நாலரை லட்சம் ஆண்டுகளின் கணக்கை எடுத்தார்கள்.

"எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கணினியில் வைத்துக்கொள்ளலாமே" என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பார். ஆனால் படத்தை நிறமாலைமானியில் போட முடியாது. ஓட்டில் இருக்கும் மக்னீசியம் கடலின் வெப்பத்தைச் சொல்லும், போரான் ஐசோடோப்பு கடல்நீரின் அமிலத்தன்மையைச் சொல்லும். இவற்றுக்கெல்லாம் ஓடு வேண்டும், ஓட்டின் படம் போதாது. ஐசோடோப்பு என்ற கருத்தே 1913-இல்தான் வந்தது. எமிலியானி என்ற விஞ்ஞானி ஃபோராம் ஓடுகளிலிருந்து பனியுகக் கடலின் வெப்பநிலையைக் கணித்து வெளியிட்டது 1955-இல். இன்னும் முப்பது ஆண்டுகளில் என்ன அளப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"தேவைப்பட்டால் புதிதாக எடுத்துக்கொள்ளலாம்" என்றும் ஒரு குரல் எழுந்ததாம். ஆழ்கடலைத் துளையிட்டுக் கோர் எடுக்கும் கப்பல்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். 1985 முதல் உழைத்த ஜாய்டஸ் ரெசல்யூஷன் 2024-இல் கடைசிப் பயணத்தை முடித்துக்கொண்டது. கப்பல் போய்விட்டது என்பதாலேயே அது எடுத்துவைத்த கோர்களின் மதிப்பு கூடிவிட்டது என்று மற்ற இடங்களில் பேசுகிறார்கள். நாம் அதற்கு நேர் எதிராக, இருப்பதைத் தூக்கிப் போட வண்டி தேடிக்கொண்டிருக்கிறோம்.

இடம் பற்றிய உங்கள் கணக்கையும் பார்த்தேன். ஒரு அலமாரிக்கு இத்தனை சதுர மீட்டர் என்று துல்லியமாகப் போட்டிருக்கிறீர்கள். நன்றி. என் பங்குக்கு ஒன்று: ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டர் வண்டல்தான் படியும். இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு மீட்டர் கோரில் ஐம்பதாயிரம் ஆண்டுகள். அதில் எத்தனை மீட்டரை நீங்கள் காலி செய்யப்போகிறீர்கள் என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மின்சாரச் செலவு. அது உண்மையான சிக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் கூட்ட அரங்கில் ஆள் இல்லாத நேரத்திலும் ஏசி ஓடுகிறது. நம் வரவேற்பறையில் பளபளவென்று டயாட்டம் (சிலிக்கா ஓடு கொண்ட நுண்பாசி) படங்களைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம், வருகிறவர்களெல்லாம் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படங்களின் மூல மாதிரி இருக்கும் கோர் இப்போது வெப்பத்தில் கிடக்கிறது. ஃபோராம்களை இனம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுப் போகிறார்கள், அந்த இடங்கள் நிரப்பப்படுவதில்லை. நாளைக்குக் கணினியே இனம் கண்டுபிடித்துவிடும் என்கிறார்கள். பிடிக்கட்டும், சந்தோஷம். அதற்குச் சொல்லிக்கொடுக்கவும் சரியாகப் பெயரிட்ட ஸ்லைடுகள்தான் வேண்டும், அவையும் உங்கள் பட்டியலில் இருக்கின்றன. நாம் எதைப் பாதுகாக்கிறோம், எதைக் காட்சிக்கு வைக்கிறோம் என்று யோசித்தால் கோபம் வருகிறது. அதை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். கேட்க வந்தது வேறு.

எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. எடுத்த இடமும் ஆழமும் பதிவாகாத கோர்கள் சில இருக்கின்றன. எப்போதோ முழுக்கக் காய்ந்து பொடியானவையும் உண்டு. அவற்றை அகற்றுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, பட்டியல் போடவும் நாங்களே உதவுகிறோம். ஆனால் எது போகலாம் என்பதை அந்த வண்டலைத் தொட்டு வேலை செய்தவர்கள் பார்த்து முடிவு செய்யட்டும். கடைசியாக யார் எப்போது கேட்டார்கள் என்ற ஒரே கட்டத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அதிலும் ஆக்சிஜன் குறைந்த கடலடியிலிருந்து வந்த கோர்களுக்கு முதலிடம் கொடுங்கள். வேகமாகப் படிந்தவையாக இருப்பதால் நுணுக்கமான வரலாறு இருப்பது பெரும்பாலும் அவற்றில்தான், பைரைட் அதிகம் என்பதால் முதலில் அழியப்போவதும் அவைதான். வேறு நிறுவனம் எதற்காவது கொடுக்க வேண்டும் என்றாலும் சரி, குளிர்பதனம் இருக்கும் இடமாகப் பார்த்துக் கொடுப்போம். அதற்கும் சில மாதங்கள் ஆகும், அதுவரையாவது அறை குளிர்ந்திருக்க வேண்டும்.

ஆகவே மறுபடியும், பணிவுடன்: குளிர் அறையை இந்த வாரமே இயக்க உத்தரவிடுங்கள். சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள், இல்லையென்றால் நிறுத்தி வையுங்கள். உங்களில் யாராவது ஒருவர் வந்து அந்த ஒரு கோரை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், பழைய ஸ்லைடையும் பக்கத்திலேயே எடுத்து வைக்கிறேன். அகற்றல் படிவத்தில் எங்கள் ஆய்வகத்தின் கையெழுத்துக்கு விட்டிருக்கும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. உங்கள் பதில் வரும்வரை நான் அதில் கையெழுத்திடப் போவதில்லை.

இப்படிக்கு,
நுண்புதைபடிவ ஆய்வகத்தில் பணிபுரியும் ஒருவர்