கீழ் இழுப்பறை

சென்னிமலை
10-7-2022

மாப்பிள்ளை,

மூணு மாசமாக உன் போனை எடுக்காதது மறதியால் இல்லை. எடுத்தால் பையனைப் பற்றிக் கேட்பாய், நான் மழை பெய்ததா என்று பேச்சை மாற்றுவேன். அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அந்த சைக்கிள் விவகாரத்தைப் பேரனிடம் இன்னும் சொல்லவில்லை, பயப்படாதே.

ஜூன் 30 சாயங்காலம் நகராட்சி ஆபீசில் எனக்குச் சால்வை போட்டு ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். மிக்சர், ஜாங்கிரி, 'ஓணான்' பட்டப்பெயர்க்காரரின் அரை மணி நேரப் பேச்சு. 2020 ஜூனிலேயே, 58 வயதில் நடந்திருக்க வேண்டிய விழா. கொரோனாவில் கஜானா காய்ந்ததும் மே மாதம் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள். மறு பிப்ரவரியில் எடப்பாடியார் சட்டசபையில் 60 என்றார். எங்கள் வீட்டில் அன்று பாயசம். ஆனால் கணக்கு எழுதுகிறவனுக்குச் சூட்சுமம் தெரியாதா? அத்தனை பேருக்கும் பணிக்கொடையை அப்போதே எண்ணி வைக்க வேண்டாம், அவ்வளவுதான். பஞ்சப்படி உயர்வை நிறுத்தினார்கள், லீவைக் கொடுத்துப் பணம் வாங்கும் சரண்டரும் போச்சு. சீர்திருத்தம் என்பார்கள். 34 வருஷமாக நான் பார்த்ததெல்லாம் தள்ளிப்போடுவதுதான்.

என் மேஜையின் கீழ் இழுப்பறையை நீ மார்ச் கடைசியில் பார்க்க வேண்டும். பில்லெல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு, மேலே பென்சிலில் 'ஏப்ரல்' என்று எழுதியிருக்கும். கொடுக்க வேண்டிய பாக்கியையும் கணக்கில் காட்டணும் என்று 2000 வாக்கிலேயே நகராட்சிகளில் அக்ரூவல் முறை வந்துவிட்டது. நல்ல முறைதான். இழுப்பறையை விட்டு வெளியே வராத பில்லை அது என்ன செய்யும்?

போன ஆகஸ்ட் தமிழக அரசின் நிதி வெள்ளை அறிக்கையில் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்றார்கள். உன் பங்கை யார் கட்டுவது? டீக்கடைப் பாக்கியையே நான்தானே கட்டினேன்! ஏப்ரலில் சொத்து வரி ஏறியது: 600 சதுர அடிக்குள் வீடென்றால் 25 சதவீதம், 1,800க்கு மேல் போனால் 100. வரியைக் கூட்டாவிட்டால் டெல்லியிலிருந்து வரும் பதினைந்தாவது நிதிக்குழு மானியம் கிடைக்காது என்று ஜன்னலில் எத்தனை பேருக்குச் சொல்வது? திட்டு வாங்கினாலும் அதை நான் குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றாமல் விட்டதற்கு ஒரேயடியாக வாங்கினோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்த அந்த ரெண்டு வருஷம் உன் பையனிடமிருந்து எடுத்ததுதான். 2019 செப்டம்பருக்குப் பிறகு அரசு வேலைக்கான குரூப் 4 பரீட்சையே நடக்கவில்லை. வரும் 24ஆம் தேதி 7,301 இடத்துக்கு 22 லட்சம் பேர் எழுதப் போகிறார்கள். 'ஆபீஸ் உத்தியோகம்' என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற வேலை எங்கள் ஆபீசில் ஏஜென்சி மூலம் போட்ட அவுட்சோர்சிங், மாப்பிள்ளை. மார்ச்சிலிருந்து அவனுக்குச் சம்பளம் வரவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஏஜென்சி பில் கிடந்தது அந்த இழுப்பறையில்தான். ஏப்ரலை அழித்து மே என்றும், மேயை அழித்து ஜூன் என்றும் எழுதியது என் கைதான். மேலே இருந்து சொன்னார்கள், எழுதினேன். அவனுக்கு அது தெரியும். அன்றைக்கு ஜாங்கிரித் தட்டை என்னிடம் நீட்டியவனும் அவன்தான்.

என் சீட்டுக்கு இன்னும் ஆள் போடவில்லை. இழுப்பறைச் சாவியை யாரோ வாங்கி வைத்திருக்கிறார்கள். நாளை திங்கட்கிழமை, போய் ஜன்னலுக்கு வெளியே நிற்கப் போகிறேன். பரீட்சையன்றைக்கு அவனை என் வண்டியில் கூட்டிப் போகிறேன், நீ வர வேண்டாம். நீ வந்தால் அவனுக்குப் படபடப்பாகிவிடும்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்