அந்த ஒரு பக்கத்தைக் காட்டியிருக்கலாம்: சான்றிதழோடு பழைய சொகுசு கார் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கும், இதே தொழிலில் இருக்கும் மற்ற நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். உங்கள் சான்றிதழை நம்பி நான் வாங்கிய பழைய சொகுசு காரில் முன்பயணிக்கான ஏர்பேக்கே இல்லை. இந்த விவகாரம் உங்களுக்குத் தெரியும். மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், இரண்டு முறை நேரில் வந்தேன், உங்கள் பதில் கடிதம் ஒன்றும் கையில் இருக்கிறது. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பெயரையும் சொல்லப் போவதில்லை. உங்கள் ஒருவரோடு முடிகிற விஷயமாக இருந்தால் நான்காவது மின்னஞ்சலே போதும். விசாரித்த இடத்திலெல்லாம் இதே கதையைக் கேட்டதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். முன்பணம் வாங்குவதற்கு முன்பே, அந்தக் காரைப் பற்றி உங்கள் கணினியில் இருக்கும் விபத்து, பழுது, சர்வீஸ் பதிவுகள் முழுவதையும் வாங்குபவர் கையில் கொடுங்கள். காகிதமாக. முழுசாக.

புதுக் கார் வாங்கும் பணத்தில் பழைய சொகுசு கார் எதற்கு என்று பலர் கேட்டார்கள். பாதுகாப்புக்காக என்றேன். அது பொய்யில்லை. அதே பணத்துக்குக் கிடைக்கும் சின்னப் புதுக் காரைவிட, நாலைந்து வருடம் ஓடிய நல்ல மாடலில் உடற்கூடு உறுதி, பக்கவாட்டுத் திரை ஏர்பேக், வழுக்கும்போது வண்டியை நேர்ப்படுத்தும் ஈஎஸ்சி எல்லாம் இருக்கும். மூன்று மாதம் படித்துத்தான் மாடலைத் தேர்ந்தெடுத்தேன். பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினில், உள்பாகங்களின் அசைவை ஒத்திசைக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயினில் கோளாறு வந்தால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் வேலை நடக்காது என்று தெரிந்துகொண்டு அதைத் தவிர்த்தேன். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் வேண்டாம் என்று முடிவு செய்தேன்; அந்தப் பை வயதாகிக் கசிய ஆரம்பித்தால் அதற்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் சேர்ந்து போகும். தினமும் குறைந்த தூரமே ஓட்டுகிறவன், டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்பதால் டீசலையே விட்டேன். ஆக, மாடலை நான் தேர்ந்தெடுத்தேன். ஆனால் அந்த மாடலில் எந்த வண்டி என்பதை உங்கள் சான்றிதழை நம்பித்தான் எடுத்தேன். கோளாறு அங்கேதான்.

எட்டு மாதம் வண்டி நன்றாகவே ஓடியது. அப்புறம் மேடு பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டேஷ்போர்டின் இடப்பக்கம், அம்மா உட்காரும் சீட்டுக்கு எதிரே, 'கடக் கடக்' என்று ஒரு சத்தம். அம்மாவுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தால் தலை சுற்றும், எப்போதும் முன்சீட்டுதான். "உள்ளே ஏதோ ஆடுதுப்பா, காட்டிட்டு வா" என்று அவர்தான் அனுப்பினார். அது உங்கள் பணிமனை இல்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர், அதிகம் பேசாதவர்.

அவர் முதலில் டேஷ்போர்டைத் தொடவே இல்லை. முன் பயணி சீட்டின் பெல்ட்டை அடிவரை இழுத்தார். கடைசியில் தைத்திருந்த சின்னத் துணிச்சீட்டில் தயாரிப்புத் தேதி இருந்தது. கார் தயாரான வருடத்தைவிட நான்கு வருடம் பிந்தியது. ஓட்டுநர் பக்கத்து பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தார். அதிலும் அதே பிந்தைய வருடம். பின்சீட்டு பெல்ட்டுகளில் மட்டும் காரின் வருடம். "சார், முன்பக்கம் ரெண்டு பெல்ட்டும் ஏன் மாத்தினாங்கன்னு யோசிங்க" என்றார். அவ்வளவுதான். பிறகு கையுறைப் பெட்டியைக் கழற்றி, விளக்கடித்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

ஏர்பேக் இருக்க வேண்டிய இடம் காலி. அதைத் தாங்க வேண்டிய இரும்புச் சட்டம், தாங்குவதற்கு எதுவும் இல்லாமல் ஒரே ஒரு போல்ட்டில் ஆடிக்கொண்டிருந்தது. சத்தம் அதிலிருந்துதான். பக்கத்தில், ஏர்பேக்குக்குப் போகும் கனெக்டரில் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு முடிச்சு. பிரித்தால் உள்ளே அரிசி அளவில் ஒரு ரெசிஸ்டர், மின்தடை கொடுக்கும் சின்ன மின்பாகம்.

அது எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். சாவியைப் போட்டதும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு ஏர்பேக் இணைப்பையும் சோதித்து, மின்தடை சரியாக இருந்தால் மீட்டரில் எரியும் ஏர்பேக் விளக்கைச் சில நொடியில் அணைத்துவிடும். சரியான அளவில் ஒரு ரெசிஸ்டரைச் செருகிவிட்டால் அந்தப் பெட்டி, பை இருப்பதாக நம்பிக்கொள்ளும். ஸ்கேனர் போட்டாலும் பிழை காட்டாது. என் காரில் எட்டு மாதமும் அந்த விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தது. அதை நான் தினமும் கவனித்துத் திருப்திப்பட்டுக்கொண்டதும் உண்டு.

பெல்ட்டை மட்டும் ஏன் மாற்றினார்கள்? மோதலில் பெல்ட்டை இறுக்குவதற்கு ப்ரீடென்ஷனர் என்று ஒன்று வெடிக்கும், ஒரு முறைதான். வெடித்தபின் அந்த பெல்ட் சரியாக இழுபடாது, சுருளாது. ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கிற எவருக்கும் அது தெரிந்துவிடும். டேஷ்போர்டுக்குள் பை இல்லாதது யாருக்கும் தெரியாது. கைக்கு எட்டுவதை மாற்றினார்கள், கண்ணுக்கு எட்டாததற்கு டேப் சுற்றினார்கள்.

இதைச் செய்தது நீங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை ஆரம்பத்திலிருந்தே தெளிவாகச் சொல்லி வருகிறேன். உங்களிடம் வருவதற்கு முன்பே எங்கோ நடந்த வேலை அது. என் வருத்தம் வேறு. நான் இரண்டாவது முறை வந்தபோது, உங்கள் பணிமனையில் இருந்த ஓர் இளைஞர், பாவம், நல்ல மனசில், ஒவ்வொரு காருக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான சேஸிஸ் நம்பரைக் கணினியில் தட்டினார். வந்த பக்கத்தை நானும் பார்த்தேன். அதே கார், விபத்துக்குப் பின் உங்களைப் போன்ற இன்னொரு அங்கீகரிக்கப்பட்ட பணிமனைக்கு வந்திருக்கிறது. அவர்கள் பழுது மதிப்பீடு போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு வரி, பயணி பக்க ஏர்பேக். அதற்கு எதிரே: 'வாடிக்கையாளர் வேண்டாம் என்றார்; பழுது பார்க்காமல் வண்டி எடுத்துச் செல்லப்பட்டது.'

அதாவது விஷயம் உங்கள் கணினியிலேயே இருந்தது. சேஸிஸ் நம்பரின் பதினேழு எழுத்தைத் தட்டினால் வந்துவிடும். என் அம்மா எட்டு மாதம் உட்கார்ந்த சீட்டுக்கு எதிரே பை இல்லை என்று சந்தேகப்படுவதற்குத் தேவையான எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டேன். 'முந்தைய உரிமையாளரின் தனியுரிமை' என்று கடிதம் எழுதினீர்கள்.

ஐயா, அவர் பெயரை மறையுங்கள், முகவரியை மறையுங்கள், தொலைபேசி எண்ணைக் கறுப்பு மையால் அடியுங்கள். எனக்கு அவரைத் தெரிய வேண்டியதே இல்லை. காருக்கு என்ன தனியுரிமை?

உங்கள் சான்றிதழை மறுபடி எடுத்து வைத்துப் படித்தேன். இருநூறு அம்சப் பரிசோதனை. கால்மிதி இருக்கிறதா, டிக். கண்ணாடி துடைக்கும் தண்ணீர் நிரப்பப்பட்டதா, டிக். உட்புற வாசனை, டிக். இரண்டாவது சாவி, டிக். 'ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு: இயல்பு', டிக். விளக்கைப் பார்த்திருக்கிறீர்கள், பையைப் பார்க்கவில்லை. இருநூறில் நூற்றுத் தொண்ணூறைக் குறைத்துக்கொண்டு, முன் பெல்ட் இரண்டையும் அடிவரை இழுத்துப் பார்த்திருந்தால் போதும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்பதற்கும் அதே சோதனைதான். நீர்க்கறையும் சேற்று வாசனையும் பெல்ட்டின் அடியில்தான் ஒளிந்திருக்கும்.

ஆரம்பித்துவிட்டேன், இன்னும் சில சொல்லிவிடுகிறேன். விற்பனைப் பிரதிநிதி என்னிடம் சொன்ன வாக்கியம்: "ஃபைவ் ஸ்டார் வண்டி சார், கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்." கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன். மோதல் சோதனையில் கார் வாங்கும் அந்த ஐந்து நட்சத்திரம் எந்த ஆண்டு, எந்தத் தேர்வு என்று அவருக்கும் தெரியவில்லை. தேர்வுத்தாள் மாறிக்கொண்டே இருக்கிறது. 2012இல் அமெரிக்காவில் கார்களை மோதிப் பார்த்துச் சோதிக்கும் அமைப்பான ஐஐஎச்எஸ், காரின் முன் மூலை மட்டும் மோதும் சோதனையை முதல்முறை நடத்தியபோது, பதினோரு சொகுசு, சொகுசுக்கு நெருக்கமான கார்களில் வால்வோ எஸ்60, அக்யூரா டிஎல் இரண்டுக்கு மட்டுமே 'நன்று' கிடைத்தது. மெர்சிடிஸ் சி கிளாஸும் ஆடி ஏ4ம் அன்றைக்கு 'மோசம்' வாங்கின. விலையும் முகப்புச் சின்னமும் மோதலில் உதவுவதில்லை. அப்படியே உதவினாலும், அந்த நட்சத்திரம் ஏர்பேக்குகள் எல்லாம் இருக்கும் காருக்குக் கொடுத்தது. ரெசிஸ்டர் வைத்த காருக்கு இல்லை.

இன்னொன்று ரீகால், அதாவது தயாரிப்புக் கோளாறைச் சரிசெய்ய நிறுவனமே கார்களைத் திரும்ப அழைப்பது. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரத்தை நீங்கள் மறந்திருக்க முடியாது. பையை ஊதும் அமோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கெட்டுப்போய், வெடிக்கும்போது உலோகக் கூட்டையே துண்டுகளாகச் சிதறடித்தது. கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. சொகுசுப் பெயர்களும் அதில் இருந்தன. 2017இல் அந்த நிறுவனமே திவால் மனு கொடுத்தது. ரீகால் கடிதம் போகிற முகவரியில் பழைய உரிமையாளர் இருப்பார். கார் என் வீட்டில் இருக்கும். நிலுவையில் ரீகால் இருக்கிறதா என்பதும் சேஸிஸ் நம்பரைத் தட்டினால் தெரிகிற விஷயம்தான். அதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்: முன்பணத்துக்கு முன், அந்தப் பக்கம் எங்கள் கையில்.

நம்பகத்தன்மை பற்றிக் கேட்டால் 'கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை' என்கிறீர்கள். யாருடைய ஆயுள்? அந்த கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனம், தன் எட்டு கியர் பெட்டிக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. முதல் உரிமையாளர் விற்கும்வரை தாங்கினால் அது ஆயுள் என்று நீங்கள் கணக்குப் போட்டால், மிச்ச ஆயுளை வாழ்வது எங்களைப் போன்ற இரண்டாவது ஆள்தான்.

சரி, கோபம் எங்கெங்கோ போகிறது. மன்னியுங்கள். உங்கள் ஊழியர்கள் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள், காபி கொடுத்தார்கள், புதிய ஏர்பேக்கைப் பாதி விலையில் பொருத்தித் தருவதாக 'நல்லெண்ண அடிப்படையில்' சொன்னீர்கள். அந்த நல்லெண்ணத்துக்கு நன்றி. ஆனால் நான் கேட்டது தள்ளுபடி இல்லை.

1959இல் வால்வோவின் நில்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டை வடிவமைத்தபோது, அந்த நிறுவனம் அதன் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. போட்டிக்காரனுக்கே கொடுத்தார்கள். நீங்கள் விற்கிற காரின் பழுதுப் பதிவை, அதைப் பணம் கொடுத்து வாங்குகிற ஆளுக்குக் கொடுக்கச் சொல்கிறேன். உங்களுக்கு ஒரு விற்பனை போகலாம். அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன், உண்மைதான். அல்லது பையைப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டு, வாங்கியிருப்பேன்.

எனவே பணிவோடு மறுபடி கேட்டுக்கொள்கிறேன். சேஸிஸ் நம்பரைத் தட்டினால் வரும் பக்கத்தை, ஆள் விவரங்களை மறைத்துவிட்டு, முன்பணம் வாங்குவதற்கு முன் கொடுங்கள். அதில் எது மாற்றப்பட்டது, எது மாற்ற வேண்டும் என்று சொல்லியும் மாற்றப்படவில்லை என்பது இருக்கட்டும். சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவர், பெல்ட் தேதியைப் பார்த்தேன், ஏர்பேக்கைக் கண்ணால் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் சொல்லுங்கள்.

எனக்கு வர வேண்டிய நகல் இன்னும் வரவில்லை. அம்மா இப்போது பின்சீட்டில், தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு வருகிறார். அந்த ரெசிஸ்டரை ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் பரிசோதகர்கள் பார்க்க விரும்பினால் நாளைக் குறிப்பிடுங்கள், கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சான்றிதழை நம்பி வாங்கிய ஒரு வாடிக்கையாளர்